மந்திரிக்கு எதிரே ராஜா

"மண்ணு போட்டுட்டா அப்பால எவனும் தேட மாட்டான் தம்பி. அதுக்கு முன்னால சொல்லு."

ஞானசெல்வி இதைச் சொன்னது வெள்ளிக்கிழமை காலையில், துறைமுகத்தின் ராயபுரம் கேட்டுக்கு வெளியே. எத்திராஜின் ஜட்கா வண்டிச் சக்கரத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றாள். கையை எடுத்தால் விழுந்துவிடுவாள் போலிருந்தது.

அவள் கணவன் நீலமேகம் ஒரு கப்பல் ஏஜெண்டு கம்பெனியில் கிரேனுக்கு எண்ணெய் போடுகிறவன். ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போனவன் வியாசர்பாடிக்குத் திரும்பவில்லை. புதன்கிழமை காலை பக்கிங்காம் கால்வாயின் மதகு ஒன்றில் ஒரு உடல் ஒதுங்கியது. உப்புப் படகுக்கும் மதகுச் சுவருக்கும் நடுவே நசுங்கி முகம் இல்லாமல் போயிருந்தது. உடலில் இருந்த சட்டைக்கு நான்கு கறுப்புப் பித்தான், ஒரு வெள்ளைப் பித்தான். அந்த வெள்ளைப் பித்தானை நீல நூலால் தைத்தவள் ஞானசெல்வி.

"போலீஸ் ஜவான் துணியை இம்மாந்தான் தூக்கினான். சட்டை தெரிஞ்சது. என்னுதுதான்னேன். அப்பால கம்பெனி ஹெட் கிளார்க் வந்தாரு, கருணாகரன். அவரும் ஆமான்னு தலையாட்டினாரு. அவ்ளோதான், முடிச்சிட்டாங்க. இன்னிக்கு சாயங்காலம் மூலக்கொத்தளத்துல அடக்கம்."

"நீ என்னக்கா நினைக்கிற?"

"எனுக்கு நினைக்க வரல. ஒண்ணே ஒண்ணுதான் ஒதைக்குது. அந்தாளு தண்ணின்னா பத்தடி தள்ளி நடக்கிறவரு. மதகு மேல எதுக்கு போனாரு? யாரு இட்டுக்கினு போனாங்க? அத்த மட்டும் கண்டுபுடி. பொழுது சாயறதுக்குள்ள கண்டுபுடி."

நான் துறைமுகத்தில் சரக்கு எண்ணிக்கை எழுதும் குமாஸ்தா. மாலையில் கணக்குப் பதிவியல் வகுப்புக்குப் போகிறேன். காணாமல் போன இரண்டு சணல் மூட்டைகளையும் ஒரு பாதிரியாரின் சைக்கிளையும் கண்டுபிடித்துக் கொடுத்ததிலிருந்து இந்தப் பக்கத்து ஜனங்கள் என்னைத் துப்பறிகிறவன் என்கிறார்கள். சைக்கிளை நான் கண்டுபிடிக்கவில்லை, அதன் மேல் தடுக்கி விழுந்தேன். இதை ஞானசெல்வியிடம் சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். அவள் முகத்தைப் பார்த்த பிறகு சொல்ல முடியவில்லை.

"ஏறு நைனா," என்றான் எத்திராஜ். "எங்க போறோம்?"

"தெரியல."

"நல்லதாப் போச்சு. கலெக்டருக்கும் வழி தெரியாது." கலெக்டர் என்பது அவன் குதிரையின் பெயர். காலையில் எழுந்திருக்காது, எழுந்தால் யார் சொல்லியும் கேட்காது என்பதால் வைத்த பெயர்.

நீலமேகத்துக்கு உலகத்தில் மூன்றே இடங்கள்தான். கிரேன், வீடு, கல்மண்டபத்து வாசகசாலையின் வெளி ஜன்னல். உள்ளே சதுரங்கச் சங்கத்தார் ஆடுவார்கள். அவன் சங்கத்து ஆள் இல்லை, அதனால் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியிலிருந்து பார்ப்பான். முதல் இரண்டு இடங்களையும் போலீஸ் விசாரித்துவிட்டது. மிச்சம் ஜன்னல்.

வாசகசாலையில் ஒருவர்தான் இருந்தார். ஹைதராபாத்திலிருந்து வந்திருக்கும் சாம்பியன் கலீலுல்லா சாகிப். இந்த வாரம் முழுவதும் அவருக்கும் சங்கக் காரியதரிசிக்கும் பந்தயம். காரியதரிசி வேறு யாருமில்லை, அதே ஹெட் கிளார்க் கருணாகரன். நேற்று வியாழக்கிழமை மாலை கருணாகரன் ஜெயித்திருந்தார். தோற்ற ஆட்டத்தைச் சாகிப் பலகையில் வைத்துத் தாடியைத் தடவிக்கொண்டிருந்தார். நீலமேகம் இங்கே வந்தானா என்று கேட்டேன். தெரியாது என்றார். பிறகு, கேட்காமலே, மனத்தில் உறுத்தியதைச் சொன்னார்.

"உட்காருங்க தம்பி. முப்பது வருஷமா ஆடறேன். தோத்தா எதனால தோத்தேன்னு தெரிஞ்சிடும். இது தெரியல. இதைப் பாருங்க. அவருக்குக் கறுப்புக் காய். எடுத்தவுடனே மந்திரி, அதான் வெள்ளைக்காரங்க ராணிங்கறாங்களே, அந்தப் பக்கத்துச் சிப்பாய்ங்களை விரட்டறார். ஓரத்துச் சிப்பாய், அதுக்குப் பக்கத்துச் சிப்பாய். எந்த மாஸ்டரும் இப்படித் தொடங்கி நான் பார்த்ததில்லை. ஆட்டம் முடிஞ்சதும், 'ஜனாப், இது எதுக்கு?'ன்னு கேட்டேன். சிரிச்சிட்டு எழுந்து போயிட்டார்."

"தொழில் ரகசியம்," என்றான் எத்திராஜ்.

"இல்ல பாயி. சொந்தமாக் கண்டுபிடிச்சவன் சும்மா இருக்க மாட்டான். கேக்காமலே ராத்திரி முழுக்கச் சொல்லுவான். இந்த மனுஷனுக்குச் சொல்லத் தெரியல."

அதை மனத்தில் குறித்துக்கொண்டேன். என்ன செய்வதென்று தெரியாத நேரத்தில் நான் செய்வது ஒன்றுதான், கண்ணில் படுகிற எல்லாவற்றையும் வரிசையாகப் பார்ப்பது. சுவரில் அறிவிப்புப் பலகை. அதில் கருணாகரன் குத்தி வைக்கும் வெளிநாட்டுப் பத்திரிகைத் துண்டுகள். ஐரோப்பாவின் கிராண்ட்மாஸ்டர்கள் ஆடிய ஆட்டங்கள் அவற்றில் இருக்கும். கப்பலில் வருகிற பத்திரிகைக் கட்டு அவருடைய கம்பெனிக்குத்தான் போகும். அவர் வெட்டிக் கொண்டுவந்து குத்துவார். நாங்கள் படிப்போம்.

கடைசித் துண்டு புதிது. அது வந்த கப்பல் எனக்குத் தெரியும். புதன்கிழமை மதியம் தளத்தில் கட்டினார்கள், சரக்கு எண்ணியது நான்.

துண்டில் இருந்த ஆட்டத்தை இன்னொரு பலகையில் வைத்தேன். கறுப்புக்காரர் ஒரு பெரிய மாஸ்டர். ராஜாவுக்கு முன் நிற்கும் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளுகிறார். ராஜா பக்கத்துக் குதிரையை வெளியே கொண்டுவருகிறார். ராஜா பக்கத்து ஓரச் சிப்பாய் ஒரு கட்டம், அதற்கடுத்த சிப்பாய் இரண்டு கட்டம். தன் ராஜாவின் வேலியைத் தானே பிரித்து எதிரி மேல் வீசுகிற துணிச்சல். புதிய தொடக்கம் என்று பத்திரிகை புகழ்ந்திருந்தது.

இரண்டு பலகைகளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. சாகிப் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அட, இது அதுதானே. கண்ணாடியில பார்த்த மாதிரி இருக்கு. அவர் ராஜா பக்கம் செஞ்சதை இவர் மந்திரி பக்கம் செஞ்சிருக்கார்."

கையிலிருந்த காயை மேஜை மேல் வைத்துவிட்டேன்.

மதியச் சாப்பாட்டு வேளையில் நானும் நீலமேகமும் கிரேன் நிழலில் கட்டம் போட்ட சாக்கை விரித்து ஆடுவோம். தெருச் சதுரங்கம். அதில் ராஜாவும் ராஜாவும் நேருக்கு நேர் நிற்க மாட்டார்கள். என் ராஜாவுக்கு எதிரே உன் மந்திரி, உன் ராஜாவுக்கு எதிரே என் மந்திரி. வெளிநாட்டு ஆட்டத்தில் ராஜாவுக்கு எதிரே ராஜா. இதை ஒருநாள் நீலமேகத்திடம் சொன்னேன். "ரெண்டு ராஜாவும் மூஞ்சிக்கு மூஞ்சி பாத்துகினு நின்னா அது சண்டையா, கல்யாணப் பேச்சா?" என்று சிரித்தான். மாற்றிக்கொள்ளவில்லை. இங்கிலீஷ் படிக்கத் தெரியாத அவன், பத்திரிகையில் காய்களுக்கும் கட்டங்களுக்கும் போடும் எழுத்துகளை மட்டும் என்னிடம் கற்றுக்கொண்டு மாஸ்டர்களின் ஆட்டங்களைப் பிரித்துப் பிரித்துப் படித்தான். எல்லாவற்றையும் தெருப் பலகையில் வைத்துத்தான் படித்தான்.

பத்திரிகையில் "ராஜா முன் சிப்பாய்" என்று இருந்தால் அவன் தன் கறுப்பு ராஜாவுக்கு முன்னால் உள்ளதை நகர்த்துவான். அவன் ராஜா நிற்பதோ வெளிநாட்டுப் பலகையில் மந்திரி நிற்கும் இடத்தில். கறுப்பின் ஆட்டம் முழுவதும் மறு பக்கத்தில் நடக்கும். அந்தக் கட்டங்களை ஒருவர் அப்படியே மனப்பாடம் செய்து சங்கத்துப் பலகையில் ஆடினால், சாகிப் நேற்றுத் தோற்ற ஆட்டம் வரும்.

எத்திராஜுக்கு இதை விளக்கினேன். அவன் தலையைச் சொறிந்தான்.

"அப்ப அந்த கிளார்க்கு நம்ம நீலமேகத்துகிட்ட திருடி ஆடறான். அது பேஜாருதான். ஆனா அதுல இன்னா கீது நைனா? செத்தவன்கிட்ட திருடினா கேஸே கிடையாது."

"பத்திரிகை வந்தது எப்ப?"

"நீதானே சொன்ன, புதன் மத்தியானம்."

"உடல் கிடைச்சது?"

"புதன் காலை..." அவன் வாய் அப்படியே நின்றது. இரண்டு வருடப் பழக்கத்தில் நான் அதைப் பார்த்ததில்லை.

செத்தவன் பத்திரிகை படிக்க மாட்டான். புதன் மதியத்துக்குப் பிறகு ஒருவன் உயிரோடு உட்கார்ந்து, இந்த ஆட்டத்தைத் தெருப் பலகையில் வைத்துப் பார்த்திருக்கிறான்.

உடனே சந்தேகமும் வந்தது. தெருப் பலகையில் ஆடுகிறவர்கள் ஆயிரம் பேர் உண்டு. ஆனால் அவர்களில் வெளிநாட்டுப் பத்திரிகையின் எழுத்துகளைப் படிக்கிறவர்கள்? எனக்குத் தெரிந்து ஒருவன்தான். எனக்குத் தெரியாமல் இன்னொருவன் இருந்தால்? ஞானசெல்வியிடம் போய் உன் கணவன் உயிரோடு இருக்கிறான் என்று சொல்லி, அது பொய்யானால், அவள் அவனை இரண்டு தடவை புதைக்க வேண்டியிருக்கும். ஆளைக் காட்ட முடிந்தால்தான் பேசுவது என்று முடிவு செய்தேன்.

"உசுரோட கீறான்னே வச்சுக்க," என்றான் எத்திராஜ். "எங்க கீறான்?"

துண்டைப் பலகையிலிருந்து கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன். மற்றத் துண்டுகளுக்கு மூலைக்கு ஒரு ஊசித் துளை. இதில் இரண்டிரண்டு. முன்பே எங்கோ ஒரு சுவரில் குத்தியிருக்கிறார்கள். ஒரு மூலையில் ஏதோ ஒடிந்து சிக்கியிருந்தது. குண்டூசி என்று நினைத்து இழுத்தேன். வெள்ளையான, நீளமான முள்.

எத்திராஜ் அதை வாங்கி மூக்கருகே கொண்டுபோனான். "சப்பாத்திக் கள்ளி."

"அது எல்லா இடத்திலும் இருக்குமே."

"எந்த ஊருல கீறே? சர்க்காரு பூச்சி வுட்டு அழிச்சாங்களே, அப்பலேந்து மெட்ராஸ்ல ஒரு சப்பாத்தி கிடையாது. எல்லாம் வெந்த கத்திரிக்கா மாதிரி உக்காந்துடுச்சு. தப்பிச்சது ஒரே ஒரு வேலி. எண்ணூருல கம்பெனி பங்களா ஒண்ணு பாழடைஞ்சு கெடக்குது பாரு, அதோட வேலி. போன மாசி மகத்துக்கு அங்க சவாரி போனேன். கலெக்டரு பின்னால நகந்து அது மேலயே உக்காந்துட்டாரு. மூணு நாளு ஒக்கார முடியல."

"குதிரை எப்பவும் உக்காராதே."

"அதான் சொல்றேன், மூணு நாளும் ஒக்காரல."

"எந்தக் கம்பெனி பங்களா?"

எத்திராஜ் சிரிக்கவில்லை. "அந்த கிளார்க்கு வேலை செய்யற கம்பெனிதான்."

தங்கசாலைப் பக்கம் போய்ப் போலீசில் சொல்லலாம். என்ன சொல்வது? ஒரு முள்ளும், இடம் மாறி நின்ற ஒரு ராஜாவும் கிடைத்தன என்றா? அடக்கம் பற்றி எங்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட சாகிப் எழுந்து சட்டைப்பையில் கையை விட்டபடி வாசல் வரை வந்தார். "நான் மூலக்கொத்தளம் போறேன். பெரிய மனுஷன் மாதிரி நின்னு நீளமாப் பேசுவேன். எவ்வளவு நேரம் இழுக்க முடியுமோ இழுக்கறேன். நீங்க போங்க."

வடக்கே போகிற சாலை எங்கும் மணல். காசிமேடு, தண்டையார்பேட்டை தாண்டுவதற்குள் கலெக்டர் நுரை தள்ளியது. வழியெல்லாம் எனக்கு ஒரே எண்ணம். அடைத்து வைத்திருந்தால் பூட்டு இருக்கும், காவல் இருக்கும். என்னிடம் இருப்பது ஒரு பென்சில். அதற்குள் அவனை உண்மையாகவே கொன்றிருந்தால்? காகிதத்தில் செத்துப்போன ஒருவனை மறுபடி கொல்வதற்குக் கேள்வியே கிடையாதே.

திருவொற்றியூர்க் கோயிலுக்கு முன்னால் எதிரே ஒரு வாடகை மோட்டார் வந்து நின்றது. பின் இருக்கையில் கருணாகரன். மடியில் வாழை இலையில் சுற்றிய பெரிய ரோஜா மாலை.

"என்ன வரதன், இன்றைக்கு வேலை இல்லையா? எங்கே இந்தப் பக்கம்?"

எத்திராஜ்தான் பேசினான். "குதிரைக்குக் கடல் காத்து வேணுமாம் சார். டாக்டரு சொல்லிட்டாரு."

"நான் நீலமேகத்தின் அடக்கத்துக்குப் போகிறேன். நல்ல தொழிலாளி. கம்பெனி சார்பில் ஒரு மாலை போட வேண்டாமா? நீயும் வந்துவிடு வரதன். உன் நண்பன் அல்லவா?"

"வர்றேன் சார்," என்றேன்.

மோட்டார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு தெற்கே போயிற்று. எத்திராஜ் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ராயபுரத்துல பூ கெடைக்கலயா இவனுக்கு? வேட்டி ஓரத்தைப் பாத்தியா?"

பார்த்திருந்தேன். கரையை ஒட்டி ரத்தம் போலச் சிவப்பு. அடுத்த நொடி ரத்தம் இல்லை என்று புரிந்தது. சப்பாத்திப் பழம் நசுங்கினால் அந்த நிறம்தான்.

பங்களா கழிமுகத்தைப் பார்த்து நின்றது. பாதி ஓடு இல்லை. சுற்றிலும் ஆள் உயரக் கள்ளி வேலி, பழம் பழுத்துச் சிவந்து கிடந்தது. காவலுக்கு யாரும் இல்லை.

"நீ பின்னாடி நில்லு நைனா. நான் கதவ ஒடைக்கிறேன்," என்று எத்திராஜ் பத்தடி பின்னால் போய் ஓடிவந்து தோளால் மோதினான். கதவு தாழ் போடாமல் இருந்தது. அவன் அப்படியே உள்ளே போய்க் குப்புற விழுந்தான்.

"மெதுவா," என்றது ஒரு குரல். "காய் கலைஞ்சிடும்."

நீலமேகம் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். உடம்பில் சட்டை இல்லை, தோளில் ஒரு பழைய துண்டு. முன்னால் கரியால் கோடு போட்ட பலகை. அதில் கறுப்பு ராஜா வெள்ளை மந்திரிக்கு எதிரே நின்றான். சுவர் முழுவதும் பத்திரிகைத் துண்டுகள், எல்லாம் கள்ளி முள்ளால் குத்தியவை.

"வரதா, நல்ல நேரத்துல வந்தே. இத்தப் பாரு. ஒம்பதாவது நகத்தல்ல குதிரையைப் பின்னால இழுத்தா..."

நான் அவன் தோளைத் தொட்டுப் பார்த்தேன். சூடாக இருந்தது.

"உன்னை யார் அடைச்சு வச்சது?"

"அடைச்சா? எவன் அடைச்சான்? கதவுதான் தொறந்து கீதே." அவன் எங்களை விநோதமாகப் பார்த்தான். "கருணாகரன் சாரு இட்டாந்தாரு. பந்தயம் முடியிற வரைக்கும் இங்கயே குந்திகினு புதுசா தொடக்கம் கண்டுபுடிச்சுக் குடு, சீமைப் பத்திரிகைல உன் பேரைப் போட்டு அச்சடிக்க வைக்கிறேன்னாரு. என் பேரு வரதா. நீலமேகம், மெட்ராஸ்னு. வூட்டுக்கு நானே சொல்லிடறேன்னாரு."

"சொல்லல," என்றேன்.

"தெரியும். அவரு மறந்துடுவாருன்னு எனுக்கே தோணிச்சு. அதான் செவ்வாக்கெழமை நானே சொல்லி அனுப்பினேன். இங்க காவலுக்கு ஒருத்தன் இருந்தான், துரைன்னு. காட்டுப்பள்ளிக் குப்பத்து ஆளு. உப்புப் படகுல தொத்திக்கினு போயி வியாசர்பாடில சொல்லிட்டு வந்துடறேன்னான். எங்கூட்டுக்காரிக்குப் படிப்பு கெடையாது, யாரோ ஒருத்தன் வந்து சொன்னா நம்ப மாட்டா. அதனால என் சட்டையைக் கழட்டி அவனுக்கு மாட்டிவுட்டேன். அந்தப் பித்தானைப் பாத்தா அவளுக்குத் தெரிஞ்சுடும்ல?" அவன் சிரித்தான். "பய இன்னும் திரும்பல. சோறு போட்டு ஒக்கார வச்சுட்டாளா?"

எத்திராஜ் தரையிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. என்னைப் பார்த்தான். சொல்ல வேண்டியது நான்.

சொன்னேன். சட்டை, மதகு, முகம், மூலக்கொத்தளம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். வேறு எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. நீலமேகத்தின் கை பலகை மேல் விழுந்து காய்கள் உருண்டன.

"காலையில கூட வந்தாரே," என்றான். "இன்னிக்கு ஆடறதுக்குக் கேட்டுகினு போனாரே. வூட்ல எல்லாரும் சுகம்னாரே."

கருணாகரன் யாரையும் கொல்லவில்லை. புதன்கிழமை துணியைத் தூக்கிக் காட்டியபோது, இது நீலமேகம் இல்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. இல்லை என்றால், அவன் எங்கே என்று சொல்ல வேண்டும். தான் ஜெயிக்கிற ஆட்டம் யாருடையது என்று ஊருக்குத் தெரிந்துவிடும். ஒரு தலையாட்டல் போதுமாக இருந்தது.

திரும்பும்போது வண்டியில் நீலமேகம், திருவொற்றியூர் தாண்டிய பிறகு, "எப்படிக் கண்டுபுடிச்ச?" என்று மட்டும் கேட்டான். ராஜாவைத் தெருப் பலகையில் வைத்ததைச் சொன்னேன்.

"அப்ப நான் கண்டுபுடிச்சதெல்லாம் தப்பா?"

"அந்தத் தொடக்கம் எந்தப் பத்திரிகையிலும் இல்லை. உன்னுதுதான்."

"தப்பா வச்சதாலதான் வந்தது."

"தப்பா வச்சதாலதான் நீ கிடைச்சே," என்றேன். அது அவனுக்கு ஆறுதலாக இருந்ததா என்று எனக்குத் தெரியாது.

எத்திராஜ் சாட்டையை எடுப்பதே இல்லை. அன்று எடுத்தான். கலெக்டருக்கு அது புரிந்ததோ என்னவோ, ஒரு அடி வாங்கியதும் வழியில் எங்கும் நிற்காமல் ஓடியது.

மூலக்கொத்தளத்தில் குழி வெட்டி முடித்திருந்தார்கள். பாடையை ஓரமாக வைத்திருந்தார்கள். கலீலுல்லா சாகிப் தொண்டை கட்டிப்போன குரலில் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். செத்தவனின் குணத்தைப் பேசி முடித்து, அவன் பாட்டனார் காலத்துக்குப் போயிருந்தார். வெட்டியான் மண்வெட்டி மேல் சாய்ந்து கொட்டாவி விட்டான். கருணாகரன் மாலையோடு முன்வரிசையில் நின்றார்.

முதலில் பார்த்தவன் வெட்டியான். மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு இரண்டடி பின்னால் போனான். பிறகு எல்லோரும் பார்த்தார்கள். சிலர் ஓடினார்கள். ஒரு கிழவர் கும்பிட்டார்.

ஞானசெல்வி ஓடவில்லை. தலைவிரிகோலமாகத் தரையில் உட்கார்ந்திருந்தவள் நிமிர்ந்து, வெறும் உடம்பில் துண்டோடு நின்ற அவனை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். அழவில்லை.

"சட்டை எங்க?" என்று கேட்டாள்.

"உனுக்குத்தான் அனுப்பினேன்," என்றான் நீலமேகம். "நான் நல்லா கீறேன்னு காட்றதுக்கு."

அவள் திரும்பிப் பாடையைப் பார்த்தாள். அப்போதுதான் அழுகை வந்தது. யாருக்காக அழுகிறாள் என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. நீலமேகம் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். அவள் அவன் துண்டின் நுனியைப் பிடித்துக்கொண்டாள், காலையில் வண்டிச் சக்கரத்தைப் பிடித்த மாதிரியே.

கருணாகரன் மெல்லப் பின்னால் நகர்ந்தார். எத்திராஜ் குறுக்கே நின்றான்.

"எங்க சார்? மாலை கொண்டாந்தீங்களே. போட்டுட்டுப் போங்க."

"சட்டையைப் பார்த்து ஏமாந்துவிட்டேன். யாரும் ஏமாந்திருப்பார்கள்." அவர் போலீஸ் ஜவானைப் பார்த்துத்தான் இதைச் சொன்னார்.

என் சட்டைப்பையில் பத்திரிகைத் துண்டும் முள்ளும் இருந்தன. வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த விளக்கமும் இருந்தது, புதன் காலை, புதன் மதியம் என்று. அதைத் தொடங்குவதற்குள் நீலமேகம் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னான்: "காலையில எங்கூட ஒக்காந்து ஒரு மணி நேரம் பேசினாரு. எங்கூட்ல எல்லாரும் சுகம்னு சொன்னாரு."

ஜவானுக்குச் சதுரங்கம் தெரியாது. இது தெரிந்தது. கருணாகரனின் கையைப் பிடித்தான். மாலை கீழே விழுந்தது. யாரும் எடுக்கவில்லை.

"வெள்ளைக் காய்ல நீங்க சொந்தமாத்தான் ஆடறீங்க, நல்லா ஆடறீங்க ஜனாப்," என்றார் சாகிப், போகிறவரைப் பார்த்து. "அதை வச்சே ஆடியிருக்கலாம்."

வெட்டியான் பொழுதைப் பார்த்தான். "அப்ப இந்தக் குழிய இன்னா பண்றது? மூடிடட்டா?"

"இரு," என்றாள் ஞானசெல்வி. "அந்தப் புள்ளைக்கு யாரு கீறாங்க?"

"அம்மா," என்றான் நீலமேகம். "அங்கம்மான்னு. காட்டுப்பள்ளில. நாளைக்கு வந்துடுவேன்னு சொல்லிட்டு வந்ததாச் சொன்னான். ஒரே புள்ள."

செவ்வாய்க்கிழமையிலிருந்து அவளும் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவளை யாரும் கூப்பிட்டுச் சட்டையைக் காட்டவில்லை. தேடச் சொல்ல அவளுக்கு ஆளும் இல்லை.

"நான் போய்ச் சொல்றேன்," என்றேன். சொல்லிவிட்டு, எப்படிச் சொல்வேன் என்று பயந்தேன். யாரோ ஒருவன் கழிமுகம் தாண்டி வந்து உன் மகன் செத்துப்போனான் என்றால் எந்தத் தாய் நம்புவாள்?

ஞானசெல்விக்கும் அதே எண்ணம் வந்திருக்க வேண்டும். எழுந்து பாடையருகே போனாள். மூன்று நாளாக ஜவான் தூக்கிக் காட்டியதற்கு மேல் பார்க்காதவள், துணியை இடுப்பு வரை விலக்கினாள். அந்தச் சட்டையை ஒருமுறை தடவிவிட்டு, அதன் கீழே கையை விட்டு எதையோ அவிழ்த்தாள். கறுப்பு அரைஞாண் கயிறு. அதில் ஒரு சிறு தாயத்து, கட்டியவள் பல்லால் கடித்து இறுக்கிய முடிச்சு.

"இது அவ கட்டினது," என்று என் உள்ளங்கையில் வைத்தாள். "பாத்தா தெரிஞ்சுடும். அவ வர்ற வரைக்கும் மண்ணு போட வுட மாட்டேன், சொல்லு. தனியா வுடலன்னும் சொல்லு."

நான் வண்டியில் ஏறினேன். எத்திராஜ் எந்தப் பக்கம் என்று கேட்கவில்லை. கலெக்டரின் கழுத்தைத் தட்டி மறுபடி வடக்கே திருப்பினான். கால்வாயை ஒட்டிய சாலையில் போனோம். சட்டை வந்த வழியிலேயே கயிறு திரும்பிப் போய்க்கொண்டிருந்தது.